திரையில் உதடும் ஒலிபெருக்கியில் குரலும்: டிவிடி தகட்டில் ஒத்திசைவு

ஆற்றங்கரையில் துணி வெளுப்பவரைத் தூரத்திலிருந்து பார்க்கும் எவரும் ஒன்றைக் கவனித்திருப்பர். துணி கல்லில் அறையும் கணத்தில் ஓசை கேட்பதில்லை. அவர் அதை மீண்டும் தலைக்கு மேல் உயர்த்தும்போதுதான் ஓசை காதுக்கு வந்து சேர்கிறது. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆகவே 170 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு அது அரை வினாடி பிந்தியே எட்டும். தூரம் கண்ணுக்குத் தெரிவதால் இந்தத் தாமதம் மனத்தை உறுத்துவதில்லை. ஆனால் திரையில் ஒருவர் அருகில் நின்று பேசுவது போலத் தோன்றும்போது, அவருடைய உதடு அசைந்து ஓய்ந்த பின்னர் சொல் ஒலித்தால், பார்ப்போரின் கவனம் சிதறிவிடுகிறது.

காசெட்டிலோ கணினிக் கோப்பிலோ உள்ள படத்தை டிவிடி தகட்டுக்கு மாற்றும்போது இக்குறை அடிக்கடி நேர்கிறது. அது எதனால் உண்டாகிறது, எவ்வாறு கண்டறிந்து நீக்கலாம் என்பவற்றை இங்கே காண்போம்.

ஒரு கூடத்தில் நேரக்கூடியது

பெங்களூருவின் தென்கிழக்கே ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. 2007-ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை தனி நகரசபையாக விளங்கிய இப்பகுதியில் ஆடைத் தொழிற்சாலைகள் பல உள்ளன. அங்கு வாழும் குடும்பங்களிடையே கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி ஆகிய மொழிகள் வழங்குகின்றன. இத்தகைய இடத்தில் ஒரு களப்பணியாளர், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே உப்பு-சர்க்கரைக் கரைசல் தயாரிக்கும் முறையை விளக்கும் பழைய படமொன்றைத் தாய்மாருக்குக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவில், கரைக்கப்பட வேண்டும். படத்தில் செவிலி உப்பை எடுக்கும் வேளையில், நான்கு வினாடி பிந்திய குரல் “ஆறு தேக்கரண்டி” என்று சொல்லுமானால் விளைவு யாது? ஒலித்தடத்தின் மொழியை அரைகுறையாக அறிந்த தாய், கண்ணால் கண்டதையும் காதில் விழுந்த எண்ணையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்வாள். அளவுக்கு மிஞ்சிய உப்பு குழந்தைக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். ஆகவே ஒத்திசைவு என்பது காட்சியின் அழகை மட்டும் பற்றிய விஷயமன்று. பாடம் சரியாகச் சென்று சேர்வதைப் பற்றியதுமாகும்.

எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம்?

ஒலி முந்துவதைக் காட்டிலும் பிந்துவதை மனிதர் எளிதில் பொறுத்துக்கொள்கின்றனர். இயற்கையில் ஒலி எப்போதும் பிந்தியே வருகிறதன்றோ? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லி வினாடி முந்தினாலும் 125 மில்லி வினாடி பிந்தினாலும் பிழை புலனாகத் தொடங்குகிறது. 90 மில்லி வினாடிக்கு மேல் முந்துவதும் 185 மில்லி வினாடிக்கு மேல் பிந்துவதும் ஏற்கத்தக்கவை அல்ல. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 படச்சட்டங்கள் காட்டப்படுவதால் ஒரு சட்டம் 40 மில்லி வினாடி நிற்கிறது. எனவே ஒலி ஒரு சட்டத்துக்கு மேல் முந்தாமலும், மூன்று சட்டங்களுக்கு மேல் பிந்தாமலும் இருத்தல் நலம்.

மொழிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். “ப” என்னும் ஒலி உதடுகள் மூடித் திறப்பதால் பிறக்கிறது என்பதை மாணவன் கண்ணாலும் கற்கிறான். மக்கர்க், மக்டொனால்டு ஆகிய இரு உளவியலார் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், ஒலியில் “பா” என்றும் உதட்டசைவில் “கா” என்றும் அமைந்த படத்தைப் பார்த்தோர் பலருக்கு, இரண்டுமல்லாத “டா” போன்ற ஒலி கேட்டதாகக் கண்டனர். கண் காண்பது காது கேட்பதையே மாற்றிவிடக்கூடும். செவித்திறன் குறைந்து, உதட்டசைவையும் துணையாகக் கொள்ளும் குழந்தைகளுக்கு இதன் முக்கியத்துவம் சொல்லாமலே விளங்கும்.

பிலிம் கற்பித்த பாடம்

இச்சிக்கல் புதியதன்று. ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்ட 16 மில்லிமீட்டர் பிலிமில் படமும் ஒலியும் அருகருகே பதிந்திருக்கவில்லை. படம் ஒளிவாயிலில் விட்டுவிட்டு நகர வேண்டும். ஒலித்தடமோ சீராக ஓடவேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய இயலாது. ஆதலால் ஒலி, தனக்குரிய படத்துக்கு 26 சட்டங்கள் முன்னதாக, அதாவது பிலிமில் சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளி, அச்சிடப்பட்டது. வாயிலுக்கும் ஒலி உருளைக்கும் இடையே பிலிம் வளையத்தை இயக்குபவர் சரியான அளவில் விட்டால் இரண்டும் இணையும். வளையம் சிறுத்தாலோ பெருத்தாலோ உதடும் குரலும் பிரியும்.

படமும் ஒலியும் தனித்தனிப் பாதையில் செல்கின்றன. இறுதியில் அவற்றை ஒரு பொது அளவு இணைக்கிறது. இதுவே பிலிம் தரும் பாடம். டிவிடியிலும் நிலைமை இதுவேதான். அங்கே வளையத்தின் வேலையைக் கடிகாரம் செய்கிறது.

தகட்டினுள் இருக்கும் கடிகாரம்

டிவிடி தகட்டில் படம் எம்பெக்-2 என்னும் முறையில் சுருக்கப்பட்டு, ஒலியுடன் சிறு சிறு பொட்டலங்களாகக் கலந்து எழுதப்படுகிறது. எந்தக் கணத்தில் காட்டப்பட வேண்டும் அல்லது ஒலிக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் நேர முத்திரைகள் அவற்றில் இடம்பெறுகின்றன. இந்த முத்திரைகளின் அளவு ஒரு வினாடியின் 90,000-இல் ஒரு பங்கு. தகட்டை இயக்கும் கருவி முத்திரைகளைப் பார்த்தே இரண்டையும் வெளியிடுகிறது.

முத்திரைகள் சரியாக இருந்தால் பிழைக்கு இடமில்லை. ஆனால் மூலக் கோப்பின் வேகத்தை மென்பொருள் தவறாகப் புரிந்துகொண்டால், முத்திரைகளும் தவறாகவே இடப்படும். டிவிடிக்கென இரு கட்டுப்பாடுகள் உள்ளன: நம் முறையில் படம் வினாடிக்கு 25 சட்டங்களாக இருத்தல் வேண்டும், ஒலி வினாடிக்கு 48,000 மாதிரிகள் கொண்டதாக இருத்தல் வேண்டும். அமெரிக்க, ஜப்பானிய முறையில் சட்டங்கள் 29.97 ஆகும். வேறு அளவில் உள்ள எக்கோப்பும் இவ்வளவுகளுக்கு மாற்றப்பட்டே தகட்டில் ஏறுகிறது. பெரும்பாலான பிழைகள் இந்த மாற்றத்தின்போதே நுழைகின்றன.

நோயறிதல்: மூன்று இடங்களில் சோதனை

மருந்துக்கு முன் நோயை அறிய வேண்டும். படத்தின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களில் திட்டவட்டமான நிகழ்ச்சி ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கைதட்டல், சுத்தியல் அடி, கதவு மூடுதல் ஆகியவை மிகப் பொருத்தமானவை. இல்லையெனில் “ப”, “ம” எழுத்துக்களில் உதடு மூடுவதைக் கொள்ளலாம். அந்நிகழ்ச்சி படத்தில் எந்த நேரத்தில் தோன்றுகிறது, ஒலி அலையின் வரைபடத்தில் எந்த நேரத்தில் எழுகிறது என்று குறித்துக்கொண்டு வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும்.

வேறுபாடு மூன்றிடத்திலும் ஒன்றாக இருப்பின் அது நிலையான விலகல். சீராக வளர்ந்துகொண்டே சென்றால் அது படிப்படியான விலகல். ஓரிடம் வரை சரியாக இருந்து திடீரென மாறினால் அது துள்ளல் விலகல். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பரிகாரமும் வேறு.

நிலையான விலகல்

பதிவு தொடங்கும்போது ஒலியும் படமும் ஒரே கணத்தில் தொடங்காமையால் இது பெரும்பாலும் நேர்கிறது. கோப்பில் “ஒலி இத்தனை மில்லி வினாடி தள்ளித் தொடங்க வேண்டும்” என்று குறிக்கப்பட்டிருந்து, படத்தையும் ஒலியையும் பிரிக்கும் மென்பொருள் அக்குறிப்பைப் புறக்கணித்தாலும் இவ்வாறு ஆகும். பரிகாரம் எளிது: ஒலி பிந்தினால் அதன் தொடக்கத்தில் அந்த அளவை வெட்டிவிட வேண்டும், முந்தினால் அந்த அளவு மௌனத்தைச் சேர்க்க வேண்டும்.

கோப்பைத் திருத்துமுன் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஐயுற வேண்டும். தட்டைத்திரைப் பெட்டிகள் படத்தைச் செம்மை செய்யச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஒலியை டிவிடி கருவியிலிருந்து நேரே ஒலிபெருக்கிக்குக் கொண்டு சென்றால் குரல் முந்திவிடும். வேறொரு பெட்டியில் அதே தகடு சரியாக ஓடுமானால் பிழை தகட்டில் இல்லை.

படிப்படியான விலகல்

இங்கு வேகங்களே பொருந்தவில்லை என்று கொள்ள வேண்டும். வினாடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்பட்ட சினிமாப் படத்தை 25 சட்டங்களில் ஓட்டினால், 30 நிமிஷப் படம் 28 நிமிஷம் 48 வினாடியில் முடிந்துவிடும். ஒலியைப் பழைய வேகத்திலேயே விட்டால் இறுதியில் அது 72 வினாடி பிந்தி நிற்கும். ஒலியையும் 25-க்கு 24 என்ற விகிதத்தில் சுருக்க வேண்டும். வெறுமனே விரைவாக ஓட்டினால் சுருதி ஏறத்தாழ முக்கால் அரைசுரம் உயரும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்களில் சுருதி மாறாமல் காலத்தை மட்டும் மாற்றும் வசதி உண்டு. இசைப் பாடங்களுக்கு அதையே கையாள வேண்டும்.

ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையும் கவனத்துக்குரியது. இசைத் தகடுகளிலிருந்து எடுத்த ஒலி வினாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்டது. அதை முறையாக 48,000-ஆக மாற்றிக் கணக்கிடாமல், பெயரளவில் 48,000 என்று குறித்துவிட்டால், ஒரு மணி நேர ஒலி 55 நிமிஷம் சொச்சத்தில் ஓடி முடியும். குரலும் கீச்சென்று ஒலிக்கும்.

காசெட்டிலிருந்து கணினிக்குப் பதியும்போது நேர்வது நுட்பமானது. படத்தை ஒரு அட்டையும் ஒலியை மற்றோர் அட்டையும் பதியுமானால் இரு கடிகாரங்கள் வேலை செய்கின்றன. ஒலி அட்டை 48,000-க்குப் பதிலாக 48,010 மாதிரிகள் எடுத்தால், ஒரு மணி நேரத்தில் ஒலி முக்கால் வினாடி பிந்திவிடும்.

ஓர் உதாரணக் கணக்கு: 5-ஆம் நிமிஷத்தில் ஒலி 0.4 வினாடியும் 55-ஆம் நிமிஷத்தில் 1.4 வினாடியும் பிந்துகிறது. இடைப்பட்ட 50 நிமிஷத்தில், அதாவது 3,000 வினாடியில், விலகல் 1 வினாடி வளர்ந்துள்ளது. 5 நிமிஷத்துக்கு 0.1 வினாடி வளர்ச்சி எனக் கழித்தால், தொடக்கத்திலேயே 0.3 வினாடி விலகல் இருந்தது புலனாகும். ஆகவே முதலில் ஒலியின் தலைப்பில் 0.3 வினாடியை வெட்டி, பின்னர் முழு ஒலியையும் 3,001-க்கு 3,000 என்ற விகிதத்தில் சுருக்க வேண்டும்.

துள்ளல் விலகல்

தேய்ந்த காசெட்டிலிருந்து பதியும்போது சில சட்டங்கள் விடுபட்டுப் போகின்றன. 50 சட்டங்கள் விடுபட்டால் படம் 2 வினாடி குறுகும். அவ்விடத்துக்குப் பின் ஒலி 2 வினாடி பிந்தும். காசெட்டு இயக்கியின் தலையைச் சுத்தம் செய்து மறுபடி பதிவதே சிறந்த வழி. அது இயலாதபோது, விலகல் தொடங்கும் இடத்தில் கோப்பைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டையும் தனியே சரிசெய்து இணைக்க வேண்டும்.

கைப்பேசியில் எடுத்த படங்களில் வேறொரு தொல்லை உண்டு. வெளிச்சம் குறையும்போது பல கைப்பேசிகள் வினாடிக்குரிய சட்டங்களின் எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. சீரான வேகம் என்று எண்ணிச் செயல்படும் மென்பொருள் இதனால் தடுமாறுகிறது. டிவிடிக்கு மாற்றுமுன் எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவசக் கருவியால் படத்தை வினாடிக்கு 25 என்ற நிலையான வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வாறே, பழைய ஏவிஐ கோப்புகளில் சுருக்க அளவு மாறிக்கொண்டேயிருக்கும் எம்பி3 ஒலி இருப்பின், அதை முதலில் சுருக்கப்படாத வேவ் ஒலியாக விரித்துக்கொள்வது பல பிழைகளைத் தவிர்க்கும்.

பல மொழி, ஒரே படம்

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில் கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் கிராமங்கள் பங்குபெற்றன. அப்போதே ஒரு படத்துடன் இரு ஒலித்தடங்களை அனுப்பும் வசதி இருந்தது. டிவிடி தகட்டில் எட்டு ஒலித்தடங்கள் வரை இடமுண்டு. பொம்மனஹள்ளி போன்ற பகுதிகளில் கன்னடமும் தமிழும் ஒரே தகட்டில் அமைவது பெரும் பயன் தரும். ஆனால் ஒரு தடம் சரியாக இருப்பது மற்றதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு தடத்தையும் மூன்று இடங்களில் தனித்தனியே சோதித்தல் இன்றியமையாதது.

தகடு எழுதுமுன்

ஒருமுறை எழுதும் தகட்டில் பதிந்த பிழை திருத்த முடியாதது. ஆதலின் முதற்படியை அழித்தெழுதும் தகட்டில் எழுதி, படம் காட்டப்படவிருக்கும் அதே கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். டிவிடி முறை படம், ஒலி இரண்டுக்கும் சேர்த்து வினாடிக்கு 10.08 மெகாபிட் என்ற உச்ச அளவை விதிக்கிறது. அதை நெருங்கினால் பழைய கருவிகள் திணறி நின்று நின்று ஓடும். சற்றுக் குறைவாக வைப்பது பாதுகாப்பானது. புதிதாகப் படம் எடுப்போர் ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் இறுதியிலும் காமிராவின் முன் ஒருமுறை கைதட்டிவிட்டால், பின்னர் மணிக்கணக்கில் தேடும் வேலை மிச்சமாகும்.

தகடு சரியாக அமைந்த பின்னரும் மூலக் காசெட்டை எறிந்துவிடலாகாது. காந்த நாடாவுக்கும் ஆயுள் உண்டு. ஆயினும் அது இருக்கும் வரையில்தான் மறுபதிவுக்கு வழியுண்டு. செவிலியின் கை உப்பை எடுக்கும் கணத்தில் “அரைத் தேக்கரண்டி” என்னும் சொல் ஒலிக்குமாயின், அப்படம் கூடத்தின் கடைசி வரிசையில் அமர்ந்த தாய்க்கும் தன் பாடத்தைச் சரியாகச் சொல்லிவிடும்.