டிராக்டரில் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டை உரிக்கலாமா?



புது டிராக்டர் வாசலுக்கு வந்ததும் தேங்காய் உடைத்து, மாலை சாற்றிப் பூசை செய்கிறோம். அடுத்த வேலையாகப் பலர் ஸ்டிக்கர் கடைக்குத்தான் வண்டியை ஓட்டிச் செல்கின்றனர். குலதெய்வத்தின் படம், பிள்ளைகளின் பெயர், ஊரின் பெயர் இவற்றையெல்லாம் ஒட்ட இடம் வேண்டுமல்லவா? தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பிய சிவப்பு, மஞ்சள் சீட்டுகள் அப்போது கண்ணை உறுத்துகின்றன. நகத்தால் சுரண்டி எறிந்துவிடுகிறோம். தப்பியவற்றின் மேல் ஆயுத பூசையன்று சந்தனத்தை அப்புகிறோம். பழைய வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது மிச்சம் மீதியும் மறைந்துவிடுகிறது.

"இருபது வருடமாக ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாததா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தச் சீட்டு உங்களுக்காக மட்டும் ஒட்டப்பட்டதன்று. நாளை வரும் புது டிரைவர், கதிரடிக்க வரும் கூலியாள், அவசரத்துக்கு இரவல் வாங்கும் பக்கத்துக் காட்டுக்காரர், வண்டியைச் சுற்றி விளையாடும் உங்கள் பிள்ளை ஆகியோருக்கும் அது பொருந்தும். நீங்கள் அருகில் இல்லாத நேரத்தில் உங்களுக்குப் பதிலாக அது பேசுகிறது.

நிறம் சொல்லும் செய்தி

பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணக் குறி இருப்பதை அறிவீர்கள். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும். எந்திரங்களிலும் இதுபோன்ற முறை உண்டு. பொதுவாக, சிவப்புச் சீட்டு இருக்கும் இடத்தில் தவறினால் உயிர் போகும் அல்லது பெருங்காயம் உறுதி. ஆரஞ்சுச் சீட்டு உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்று எச்சரிக்கும். மஞ்சள் சீட்டு காயம் படலாம் என்று சொல்லும். எழுத்து புரியாவிட்டாலும் படத்தைப் பார்த்து ஆபத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு நொடியில் ஒரு வேட்டி

சுற்றும் தண்டில் ஒரு மனிதன் சிக்கியிருப்பதுபோல் படம் போட்ட சீட்டு பி.டி.ஓ. தண்டின் அருகில் இருக்கும். பி.டி.ஓ. வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும். அதாவது நொடிக்கு 9 சுற்று. இணைப்புத் தண்டின் கனம் 7 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு 22 செ.மீ. நொடிக்கு 9 சுற்றென்றால் ஏறத்தாழ 2 மீட்டர் துணியை அது சுற்றி இழுத்துவிடும். நாலு முழ வேட்டியின் நீளமும் அவ்வளவுதான்! துணி சிக்கியது என்று உணர்ந்து நீங்கள் கையை நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே பி.டி.ஓ. தண்டின் மேலுறையைக் கழற்றிவிட்டு ஓட்டக்கூடாது. லுங்கி, தோளில் தொங்கும் துண்டு, சேலை முந்தானை, அவிழ்ந்த கூந்தல் இவற்றோடு யாரும் அருகில் செல்லக்கூடாது. ஓடும் தண்டைத் தாண்டவும் கூடாது. கதிரடிக்கும் எந்திரங்களில் கை துண்டான விபத்துகள் பெருகியதன் விளைவாகவே 1983ஆம் ஆண்டில் ஆபத்தான எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது.

மற்றச் சீட்டுகள்

1. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கியரை நியூட்ரலில் வைத்தே வண்டியைக் கிளப்ப வேண்டும். தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கிளப்பினால், கியரில் இருக்கும் வண்டி கிளப்பியவர் மேலேயே ஏறிவிடும்.

2. மட்கார்டின் மேல் ஆள் உட்காரக்கூடாது. ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால், விழுபவர் பெரிய சக்கரத்தின் அடியில்தான் விழுவார். நாற்று நடப் போகும் பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் அங்கே ஏற்றாதீர்கள்.

3. இழுக்க வேண்டிய சுமையை டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும். டாப் லிங்க் பொருத்தும் இடத்திலோ அச்சிலோ சங்கிலி கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும்.

4. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக்கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் சூடேறியிருக்கும். மூடியைத் தளர்த்தியதும் ஆவியாகி முகத்தில் சீறும்.

5. ஹைடிராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக்கூடாது. ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காரிலும் இதே கதைதான்

இப்போது கிராமத்து வீடுகளிலும் கார் நிற்கிறது. முன்புறம் வெயில் மறைக்கும் மடிப்புப் பலகையில் குழந்தைப் படத்தோடு ஒரு சீட்டு இருக்கும். அழகு கெடுகிறதென்று அதையும் சிலர் உரித்துவிடுகின்றனர். 2021 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த புதிய மாடல் கார்களில் முன்புறப் பயணிக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. மோதல் நேர்ந்தால் அந்தப் பை கண் இமைப்பதற்குள் பெரும் விசையோடு விரியும். பின்நோக்கி அமரும் குழந்தை இருக்கையை அங்கே வைத்திருந்தால், பை நேரே குழந்தையின் தலைப்பக்கம் வந்து அடிக்கும். அந்தச் சீட்டு சொல்வது இதைத்தான். அதுபோலவே, காற்றுப்பை இருக்கும் டாஷ்போர்டுப் பகுதியின் மேல் சாமி சிலையை ஒட்டி வைத்தால், பை விரியும்போது அது கல்லெறிபோல் நம் மேல் பாயும்.

எவற்றை உரிக்கலாம்? எப்படி?

விலைச் சீட்டு, விற்பனைக் கடையின் விளம்பரம், இருக்கைமேல் வரும் பிளாஸ்டிக் உறை ஆகியவற்றைத் தாராளமாக எடுக்கலாம். கதவோரத்தில் டயர் காற்றளவு குறித்த சீட்டையும், சேசிஸ் எண் பொறித்த தகட்டையும், எச்சரிக்கைச் சீட்டுகளையும் தொடக்கூடாது.

உரிக்க வேண்டிய சீட்டின் மேல் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் வைத்து இளக்குங்கள். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மெதுவாக மடித்து இழுங்கள். ஒட்டிய பசையின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துச் சோப்பு நீரால் கழுவுங்கள். பிளேடு கீறலை உண்டாக்கும். தின்னர் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பெட்ரோலின் ஆவி தீப்பற்றும்.

சீட்டு கிழிந்துவிட்டால்

வெயிலிலும் மழையிலும் சீட்டு மங்குவது இயல்பு. வண்டியோடு வந்த கையேட்டில் ஒவ்வொரு சீட்டும் எங்கே இருக்க வேண்டும் என்று படம் போட்டிருக்கும். அதைக் காட்டி, வண்டி வாங்கிய இடத்தில் புதுச் சீட்டு கேளுங்கள். ஒட்டுமிடத்தை எண்ணெய்ப் பிசுக்கின்றிக் கழுவி, உலர்ந்தபின் ஒரு விளிம்பிலிருந்து துணியால் அழுத்திக்கொண்டே ஒட்டினால் காற்றுக் கொப்புளம் வராது. பாதுகாப்பு உறையை மாற்றும்போது அதன்மேல் இருந்த சீட்டையும் புதிதாக ஒட்ட மறக்காதீர்கள். வண்டி கழுவுமிடத்தில் பீய்ச்சும் தண்ணீரைச் சீட்டின் அருகில் காட்ட வேண்டாம்.

சீட்டு கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பெயிண்டால் தமிழிலேயே 'சுற்றும் தண்டு, கிட்டே வராதே' என்று பெரிதாக எழுதி வையுங்கள். கம்பெனிச் சீட்டில் ஆங்கிலம் மட்டும் இருந்தாலும் பக்கத்தில் இப்படி எழுதுவது நல்லது.

வாடகைக்கு டிராக்டர் எடுப்பவர்களும் ஒன்று செய்யலாம். வேலையைத் தொடங்குமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். பி.டி.ஓ. தண்டுக்கு உறை இருக்கிறதா, எச்சரிக்கைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். உறை இல்லாவிட்டால், அதைப் போட்டபிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். வாடகை உங்களுடையது, எந்திரத்தின் அருகில் நிற்கப்போகிறவர்களும் உங்கள் வீட்டாரும் உங்கள் ஊராருமே.

சாமி படத்தை ஒட்டுங்கள். பிள்ளை பெயரையும் எழுதுங்கள். அதற்கு வண்டியில் வேறு இடம் இருக்கிறது. அந்தப் பிள்ளையைக் காக்கும் சீட்டு மட்டும் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.