சாதன நினைவக அணுகல் செயற்கூறுகள்

சாதன நினைவக அணுகல் செயற்கூறுகள் என்பவை, இயங்குதளத்தின் சாதன இயக்கிகள் (டிரைவர்கள்) வன்பொருளின் பதிவகங்களைப் படிக்கவும் எழுதவும் அழைக்கும் சிறு செயற்கூறுகள் ஆகும். ஒரே இயக்கியைப் பல வகைச் செயலிகளில் மாற்றமின்றி ஓட வைப்பதே இவற்றின் நோக்கம். நாமக்கல் பக்கம் டிரைவர் என்றால் லாரி ஓட்டுபவர். இங்கே அச்சுப்பொறி, வலையட்டை போன்றவற்றை இயக்கும் நிரல்.

16550 என்னும் தொடர்த் தகவல் சில்லை எடுத்துக்கொள்வோம். பிசியில் இதைத் துறை எண் கொண்டு அணுக வேண்டும். அதற்கு இன்டெல் செயலியில் ‘இன்’, ‘அவுட்’ என்ற தனிக் கட்டளைகள் உண்டு. ரிஸ்க்-ஃபைவ் செயலிகளில் அத்தகைய கட்டளைகளே இல்லை. பதிவகங்கள் நினைவக முகவரிகளாகவே தெரியும். சில பலகைகளில் அவை ஒரு பைட் இடைவெளியில் இருக்கும், சிலவற்றில் நான்கு பைட். இவற்றையெல்லாம் இயக்கிக்குள்ளேயே எழுதினால் பலகைக்கு ஒரு நகல் வேண்டும். ஆகவே லினக்ஸின் 8250 இயக்கி, ‘ஐந்தாம் பதிவகத்தைப் படி’ என்று மட்டும் ஒரு செயற்கூறிடம் கேட்கிறது. துறையா முகவரியா, எத்தனை பைட் தள்ளி என்பதெல்லாம் அச்செயற்கூறின் பொறுப்பு.

சி மொழியில் ஒரு சுட்டியை வைத்து நேரடியாகப் படித்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். சாதனம் தயாரா என்று ஒரு பதிவகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் சுழற்சியில், மதிப்பு மாறாது என்று கருதிக் கம்பைலர் ஒரே முறை படித்துவிட்டு நின்றுவிடலாம். ‘வாலட்டைல்’ என்று குறித்தால் இது தீரும். ஆனால் செயலியே வரிசையை மாற்றினால் அது தடுக்காது. தரவை நினைவகத்தில் வைத்துவிட்டு ‘தொடங்கு’ என்று சாதனத்துக்கு எழுதுகிறோம். பின்னது முந்திக்கொண்டால், மூட்டை ஏற்றி முடிப்பதற்குள் லாரி கிளம்பிய கதை. பழைய தரவுதான் வெளியே போகும்.

இன்டெல் வகைச் செயலிகள் இந்த வரிசையைப் பெரும்பாலும் தாமே காப்பதால் அங்கே பிழை தெரியாது. ரிஸ்க்-ஃபைவ் விதிகள் தளர்வானவை. அதனால் அங்கு லினக்ஸின் ‘ரைட்எல்’, சாதனத்துக்கு எழுதும் முன் ‘ஃபென்ஸ்’ என்ற வேலிக் கட்டளையை இடுகிறது. ‘ரீட்எல்’ படித்த பின் இடுகிறது. பைட் வரிசை வேறுபட்டால் அதையும் இவையே திருத்தும்.

சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலியும் ரிஸ்க்-ஃபைவ் வகையே. 2018இல் அதில் லினக்ஸ் இயங்கியது. இயங்குதளம் ஏறினால் போதாது. பிறர் எழுதிய இயக்கிகளும் ஓட வேண்டும். இச்செயற்கூறுகளைப் பின்பற்றிய இயக்கியை மறுபடி கம்பைல் செய்தாலே பெரும்பாலும் போதும். சுட்டியால் நேரே எழுதியதை வரிவரியாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

வேலிக்கும் நேரச் செலவு உண்டு. வரிசை முக்கியமில்லாத இடங்களுக்கென ‘ரைட்எல்_ரிலாக்ஸ்டு’ என்ற வேலியற்ற வடிவமும் தரப்பட்டுள்ளது.