வாடை இங்கே வேறு

ஊரில் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, அதைக்கொண்டே மழையையும் கடலையும் கணித்தவர்கள் நாங்கள். ஒன்ராறியோவிலும் அந்தக் கணக்குச் செல்லும், விடைதான் வேறு. ஊரில் வாடை வங்கக் கடலைத் தாண்டி ஈரத்தோடு வந்து மாரி மழையைக் கொட்டும். இங்கு வடக்கிலிருந்து வருவது ஆர்க்டிக் பனிநிலத்தின் மேல் நாட்கணக்காகத் தங்கிக் குளிர்ந்த வறண்ட காற்று. வெயில் எறிக்கிறதே என்று மெல்லிய ஜக்கெற்றோடு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிடாதீர்கள். மாரியில் முகிலில்லாத நாள்தான் பெரும்பாலும் கடுங்குளிர் நாள்.

இப்படி ஓரிடத்தில் தங்கி அந்த இடத்தின் குணத்தை எடுத்துக்கொண்ட காற்றை வளித்திணிவு என்று பூமிசாத்திரத்தில் படித்திருப்போம். யூலை மாதப் புழுக்கம் மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்து வளித்திணிவின் வேலை.

இடையில் ஏரிகள் வேறு. மார்கழியில் ஹியூரன் ஏரி இன்னும் உறைந்திராது. குளிர்காற்று அதன் சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். பாரி நகரம் பனியில் புதையும் நாளில் ஸ்காபரோ வீதிகள் வெறுமையாகக் கிடப்பதும் உண்டு.

வடக்கும் தெற்கும் முட்டும்போதுதான் ஆபத்து. 1998 ஜனவரி 4ஆம் திகதி தொடங்கி ஆறேழு நாட்கள் இது நடந்தது. ஒட்டாவா, சென் லோறன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் குளிர்காற்று அசையாமல் கிடந்தது. வளைகுடாவின் சூடான ஈரக்காற்று பாரம் குறைந்தது, அதன்மேல் ஏறிக்கொண்டது. மேலே மழையாக இருந்த துளி, கீழே கம்பியிலும் மரத்திலும் பட்டவுடன் கண்ணாடிபோல உறைந்தது. பாரம் தாங்காமல் மின்கோபுரங்களே மடங்கின. 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மின்சாரம் இழந்தார்கள். சிலருக்கு அது வாரக்கணக்கில் வரவில்லை. 2013 டிசம்பரில் ரொறன்ரோவுக்கும் இதே கதி. நத்தாரை இருட்டில் கழித்த வீடுகள் பல.

குளிரை விட நான் பயப்படுவது வீட்டுக்குள் மூட்டும் நெருப்புக்கு. கரியடுப்பையோ பார்பிக்கியூவையோ, ஜெனரேற்றரையோ உள்ளே கொண்டுவராதீர்கள். யன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. அந்த இரண்டு தடவையும் அதனால் இறந்தவர்கள் உண்டு.

வானொலியில் உறைமழை என்று சொன்னால் ரோர்ச்சுக்குப் பற்றரி, குழந்தைக்குப் பால்மா, தடித்த போர்வைகளை எடுத்து வையுங்கள். அறுந்த கம்பிக்குக் கிட்டப் போகவேண்டாம். வாசற்படிக்கு முன்கூட்டியே உப்புத் தூவினால், இரவு வேலை முடிந்து வருபவர் விழாமல் வீட்டுக்குள் வருவார்.