வில்லை மாற்றினால் பாரம் குறையுமா?

ஆஸ்திரேலியாவில் விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பங்கள், நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டியின் பின்னால் ‘கேரவன்’ என்னும் சக்கர வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது வழக்கம். வீட்டைக் கொக்கியில் மாட்டியதும் வண்டியின் பின்புறம் தாழும், முன்புறம் நிமிரும். “கனமான வில் போட்டால் சரியாகிவிடும்” என்று பலர் பட்டறைக்கு ஓடுகிறார்கள்.

நெம்புகோல் கணக்கு

கேரவனின் எடை 2,500 கிலோ என்றால், அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது 250 கிலோ, கொக்கியை அழுத்தும். வண்டியின் இரு அச்சுகளுக்கும் இடைவெளி 3 மீட்டர். கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பின் அச்சில் கூடுவது 350 கிலோ! முன் அச்சில் 100 கிலோ குறைந்துவிடும். முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் வலுவிழக்கும். ஆபத்து அங்கேதான்.

எது நல்லது?

புதிய வில் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தும்; அச்சு சுமக்கும் பாரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கமான் பட்டைக்கு மேல் காற்றுப்பை வைத்தால் பாரம் ஒரே இடத்தில் குவியும்; அளவு மீறினால் சேஸிஸ் வளைந்துவிடும். மேடுபள்ளமான மண் சாலையில் ஷாக் அப்சார்பர் சூடேறித் தளரும். ஆகவே வில்லுக்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றி, கேரவனையும் பூட்டி, ஒவ்வொரு அச்சையும் தனியாக நிறுத்துப் பார்க்கவேண்டும். அனுமதித்த அளவு மீறியிருந்தால் சாமானைக் குறைப்பதே முதல் வைத்தியம். முதலில் எடைமேடை, பிறகுதான் பட்டறை!