வெயிலின் கணக்கும் நீதியின் கணக்கும்

சென்ற சித்திரைத் திங்களில் ஆரணிக்குச் சென்றிருந்தேன். கமண்டல நாகநதியை ஒட்டிய அவ்வூர் பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்றது. நண்பகலில் முதிய நெசவாளர் ஒருவர் தறியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். "உள்ளே அனல் தாங்கவில்லை ஐயா, இழையும் அறுந்து அறுந்து போகிறது" என்றார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் அவர். தறி நின்றால் கூலியும் நிற்கும்.

இவ்வெப்பம் இனி எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டி அறிவது எங்ஙனம்? அதற்கு அவருடைய தறியிலேயே ஓர் உவமை கிடைத்தது. கரையின் பூவேலையை முதலில் கட்டத்தாளில் வரைகிறார்கள். எவ்விழை எப்பொழுது எழ வேண்டும் என்பதற்கேற்ப ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறார்கள். அறிவியலறிஞரும் காற்றையும் கடலையும் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வெப்பம், ஈரம், காற்றோட்டம் ஆகியவற்றைக் கணிப்பொறியால் கணக்கிடுகின்றனர். இதுவே காலநிலை மாதிரி. 1967-இல் மனாபே, வெதரால்டு என்னும் இருவர், இதன் எளிய முன்னோடி ஒன்றைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயு இரட்டித்தால் புவியின் வெப்பநிலை ஏறக்குறைய 2.3 டிகிரி செல்சியஸ் உயரும் எனக் கண்டனர். மனாபே 2021-இல் நோபல் பரிசு பெற்றார். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். உலக மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலமுடையது. வேலூரும் ஆரணியும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடக்கூடும். குளிரூட்டிய மாளிகையையும் ஓட்டுக் கூரையையும் அது பிரித்தறியாது. மேலும், நாளை யார் எவ்வளவு புகை விடுவர் என்பதைக் கணிப்பொறி தானே அறிவதில்லை. மனிதர்தாம் அனுமானித்துத் தருகின்றனர். ஏழை நாடுகள் என்றும் ஏழ்மையிலேயே இருக்கும் என்று அனுமானித்தால், கூட்டல் சரியாக இருக்கும். முடிவு அநீதியாக இருக்கும்.

பொறுப்பு அனைவருக்கும் பொது, ஆனால் அளவு வேறு என்னும் நெறியை 1992-ஆம் ஆண்டின் காலநிலை உடன்படிக்கை ஏற்றது. வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு நன்கு கீழே நிறுத்தவும், 1.5 டிகிரிக்குள் அடக்க முயலவும் 2015-இல் பாரிசில் நாடுகள் இசைந்தன. அந்நெறி ஊருக்குள்ளும் செல்ல வேண்டாமா? மிகக் குறைவாகப் புகை விட்ட கைத்தறியாளர் தலையில் செலவை ஏற்றலாகாது. வெயில் தணிக்கும் கூரையும், கடுங்கோடையில் இழந்த கூலிக்கு ஈடும் அவருக்கே முதலில் சேரவேண்டும்.

வெயில் தாழ்ந்தபின் அம்முதியவர் மீண்டும் தறிக்குழியில் இறங்கினார். வெப்பம் எவ்வளவு என்பதை மாதிரி கூறும். அதை யார் சுமப்பது என்பதை நாம்தாம் கூறவேண்டும்.