கார் வாங்குமுன் கவனியுங்கள்!



மணலியில் வாழும் நமக்கு வாகனங்கள் புதிய காட்சியல்ல. 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் டேங்கர் லாரிகளும், துறைமுகங்களை நோக்கி விரையும் கன்டெய்னர் டிரெய்லர்களும் இரவு பகலாக நம் தெருமுனைகளைக் கடந்து செல்கின்றன. அருகிலுள்ள எண்ணூர் காமராசர் துறைமுகத்திலிருந்து தமிழகத்தில் உருவான புத்தம் புதிய கார்கள் அயல்நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. இவற்றையெல்லாம் நாள்தோறும் காணும் நம் பிள்ளைகள், "அத்தா, நாம் எப்போது கார் வாங்குவோம்?" என்று கேட்பதில் வியப்பில்லை.

கார் வைத்திருப்பது பாவமன்று, பகட்டும் அன்று. நள்ளிரவில் முதியவருக்கு மூச்சுத் திணறினால் ஸ்டான்லி மருத்துவமனைக்கு விரைய ஒரு வாகனம் இருப்பது பெரும் பாக்கியமே. ஆனால் பல குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவாகும் பொருள் கார்தான். வீட்டின் மதிப்பு ஆண்டுதோறும் ஏறும். காரின் மதிப்போ வாங்கிய நாளிலிருந்தே இறங்கும். ஆகவே, பணத்தை எடுத்து வைக்குமுன் சில செய்திகளை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள்.

தேவையா, ஆசையா?

முதலில் ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் குடும்பத்தோடு கார் தேவைப்பட்ட நாட்கள் எத்தனை என்று எழுதிப் பாருங்கள். மாதத்திற்கு இரண்டு நாட்கள்தான் என்றால், வாடகைக் காரே சிக்கனம். காருக்கு எரிபொருள் மட்டும் செலவன்று. காப்பீடு, சர்வீஸ், டயர், பேட்டரி, நிறுத்துமிடம் என்று அது நின்ற இடத்திலேயே பணத்தை உண்ணும்.

சபரிலிருந்து இரண்டு மாத விடுமுறையில் வரும் சகோதரர்கள் சிலர் கார் வாங்கி நிறுத்திவிட்டு மீண்டும் பயணம் போய்விடுகின்றனர். எஞ்சிய பத்து மாதங்களும் அவ்வண்டி கடற்காற்றில் நின்று துருப்பிடிக்கிறது. பேட்டரி செத்துப் போகிறது. எலி ஒயர்களைக் கடிக்கிறது. இது வீண் விரயமன்றி வேறென்ன?

தவணையின் கணக்கு

"கையில் பணமில்லாவிட்டால் என்ன? மாதத் தவணைதானே!" என்று கடைக்காரர் கூறுவார். கணக்கைப் பாருங்கள். 5 இலட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டியில், 5 ஆண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 10,624 ரூபாய் கட்ட வேண்டும். 60 மாதங்களில் செலுத்தும் மொத்தத் தொகை சுமார் 6,37,400 ரூபாய். இதே 10,624 ரூபாயை மாதந்தோறும் நீங்களே சேமித்து வந்தால் 47 மாதங்களில் ஏறத்தாழ 5 இலட்சம் சேர்ந்துவிடும். 3 இலட்சத்தில் பழைய கார் போதுமெனில் 29 மாதங்களே போதும். பொறுமைக்கு இத்தனை பெரிய கூலி!

பழைய காருக்குக் கடன் தரும் சிலர், "அதே 10 விழுக்காடுதான்" என்பர். ஆனால் அசல் குறையக் குறைய வட்டியைக் குறைக்காமல், முழுத் தொகைக்கும் ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்து வட்டி போடுவர். அப்போது 5 இலட்சத்திற்கு வட்டி மட்டும் 2,50,000 ரூபாய். மாதத் தவணை 12,500 ரூபாய். சொல்லும் விகிதம் ஒன்றே; சுமையோ ஏறத்தாழ இரு மடங்கு.

வட்டி விலக்கப்பட்டது என்பதை நம்மவர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் வட்டியில்லா வங்கிக்கு இடமளிக்கும் திட்டத்தைத் தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி 2017இல் அறிவித்துவிட்டது. எனவே வழியை நாமே காண வேண்டும். வசதியுள்ள உறவினர் ஒருவர் காரைத் தாமே விலைக்கு வாங்கித் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அடக்க விலையையும் இலாபத்தையும் வெளிப்படையாகக் கூறி, தவணையில் உங்களுக்கு விற்கலாம். முராபஹா எனப்படும் இவ்வணிகத்தில் ஒருமுறை பேசிய விலை தாமதத்தால் உயரக் கூடாது. இல்லாளின் நகையை வட்டிக்கு அடகு வைத்து முன்பணம் கட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேலானது.

புதிய கார் வாங்குவோருக்கு

விளம்பரத்தில் காணும் விலை வேறு. சாலையில் இறங்கும் விலை வேறு. ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். "கையாளும் கட்டணம்" என்று ஏதேனும் இருந்தால் எதற்கென்று கேளுங்கள். காப்பீட்டை விற்பனை நிலையத்திலேயே எடுக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை; வெளியிலும் விலை விசாரியுங்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்றாண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதையும் அறிந்து வையுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நான்கு மீட்டர் நீளத்திற்கு மேற்படாத, 1200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களும் 1500 சி.சி. வரையிலான டீசல் கார்களும் இதில் அடங்கும். பழைய கார் வாங்குவோருக்கும் இதில் ஒரு பாடமுண்டு. விற்பவர் தாம் அன்று கொடுத்த விலையைச் சொல்லிப் பேரம் பேசுவார். நீங்களோ அதே கார் புதிதாக இன்று என்ன விலை என்பதை அறிந்து பேசுங்கள்.

வெள்ளம் குடித்த வண்டிகள்

பழைய கார் வாங்குவதே நம்மில் பலருக்கு இயலக் கூடியது. அதில் தவறேதுமில்லை. ஆனால் நம் பகுதிக்கென்று தனியான ஓர் ஆபத்து உண்டு. 2015 டிசம்பர் பெருமழையையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாவது வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை கறுத்துப் போயிற்று. அந்நாட்களில் நீரில் மூழ்கிய கார்கள் எங்கே போயின? பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் தந்துவிடும். அவ்வண்டி ஏலத்தில் போகும். அவற்றுள் சில கழுவித் துடைக்கப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருகின்றன.

வெள்ளம் கண்ட வண்டியை அறிவது எப்படி? கால்மிதி விரிப்பைத் தூக்கி அடியில் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். நறுமணத் தெளிப்பான் அதிகமாக மணந்தால் ஐயம் கொள்ளுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். நீர் நின்ற கறைக் கோடு அங்கே தெரியும். இருக்கையின் அடித் தண்டவாளத்தில் சேறு, ஆணிகளில் துரு, ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியில் மண், முகப்பு விளக்கினுள் ஈரப்படலம், பியூஸ் பெட்டியில் பச்சைப் பூசணம் போன்ற களிம்பு ஆகியவையெல்லாம் சாட்சிகள். என்ஜின் ஆயில் பால் கலந்த தேநீர் போலிருந்தால் தண்ணீர் உள்ளே சென்றிருக்கிறது என்று பொருள். வெள்ளம் காணாத வண்டியாயினும், நம் கடற்கரைக் காற்றில் கதவின் அடிவிளிம்பும் சக்கர வளைவும் துருவேறும். அங்கே வண்ணம் கொப்புளித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

மற்றச் சோதனைகள்

வண்டியைக் காலை வேளையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை ஓயாமல் அடர்த்தியாக வந்தால் குளிரூட்டும் நீர் என்ஜினுக்குள் கசியலாம். மீட்டரில் 30,000 கிலோமீட்டர் என்றிருக்க, பெடல் ரப்பர் தேய்ந்து, ஸ்டியரிங் வழவழவென்றிருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் பதிவேடுகளைக் கேளுங்கள். டயரில் 3521 என்பது போன்ற நான்கு இலக்கங்கள் இருக்கும். அது 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்படும். வண்டியின் வயதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதலே கட்டாயமாயிற்று. முன்னிருக்கையில் அமரும் மற்றவருக்கு அதன்பின்னரே. எனவே அதற்கு முந்தைய கார் மலிவாகக் கிடைத்தால், ஏர்பேக் உண்டா என்று கேட்காமல் வாங்காதீர்கள். இந்தியாவில் விற்பனையையோ உற்பத்தியையோ நிறுத்திவிட்ட செவ்ரோலே, ஃபோர்டு, டாட்சன் போன்ற கார்கள் குறைந்த விலையில் கிடைக்கும். உதிரிபாகங்கள் எங்கே, என்ன விலையில் கிடைக்கும் என்று முன்னரே விசாரித்தல் நலம். இவையனைத்திற்கும் மேலாக, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குத் தரும் சில நூறு ரூபாய் பல ஆயிரங்களைக் காக்கும்.

ஆவணங்களில் அலட்சியம் வேண்டாம்

ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று நேரில் பாருங்கள். வண்டியின் மீது கடன் இருப்பின் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பம் பெறுங்கள். நிலுவையிலுள்ள அபராதங்களை எம்-பரிவாகன் செயலியில் காணலாம். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையும் பசுமை வரியும் உண்டு. 13 ஆண்டு ஆன வண்டியை வாங்குவோர் இச்செலவையும் விலையில் சேர்த்தே எண்ண வேண்டும்.

விற்பவரும் கவனிக்க வேண்டும். பணம் வாங்கிச் சாவியைக் கொடுத்ததோடு கடமை முடிவதில்லை. பல கை மாறிய ஒரு வண்டி விபத்துக்குள்ளானபோது, பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஆகவே 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்துவிடுங்கள். வாங்கியவரும் அதே 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும்.

விற்போருக்கு ஒரு சொல்

மதீனாவின் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய அவர்கள், ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவராக ஏற்க மறுத்தார்கள். வெள்ளத்தில் நனைந்த வண்டியைத் துடைத்து விற்போர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளட்டும். அங்கும் மழைதான், இங்கும் மழைதான். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமையுண்டு என்பது மார்க்கச் சட்டம். மூன்று நாட்கள் வரை ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய நிபந்தனையிடவும் ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் இடமுண்டு. இந்நிபந்தனையை ஒப்பந்தத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். குறையைச் சொல்லி விற்பவருக்கு விலை சற்றுக் குறையலாம். ஆனால் வாங்கிய குடும்பம் அச்சமின்றி ஏறி அமரும். விற்றவரும் அக்குடும்பத்தைத் தெருவில் எதிர்கொள்ளும்போது தலைகுனிய வேண்டியிராது.