திருவாதிரைக்கு நேர் தெற்கே தெரியும் இன்னொரு கேலக்ஸி... கடலூர், சிதம்பரத்தில் இருந்து பார்க்கலாமா? தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

மார்கழி திருவாதிரை என்றால் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம், வீடுகளில் களி. அன்று நள்ளிரவை ஒட்டி திருவாதிரை நட்சத்திரம் சிதம்பரத்தில் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வந்து நிற்கும். செம்மஞ்சளாகத் தெரியும் அந்த நட்சத்திரத்தை பெட்டல்ஜியூஸ் என்கிறார்கள் வானியலாளர்கள். நமக்கும் அதற்கும் தூரம் 500 முதல் 700 ஒளி ஆண்டுகள். ஒரு ஒளி ஆண்டு என்பது சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

இவ்வளவு தூரமா என்று மலைக்க வேண்டாம், அது நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கும் நட்சத்திரம்தான். நம் வீடு பால்வெளி மண்டலம். குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளி ஆண்டுகள், உள்ளே குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள். இப்படி நட்சத்திரங்கள், வாயு, தூசி எல்லாம் ஈர்ப்பு விசையால் கட்டுண்டு கிடக்கும் பெருங்கூட்டம்தான் கேலக்ஸி. தமிழில் விண்மீன் திரள்.

திருவாதிரை உச்சியில் இருக்கும் அதே நேரத்தில், நேர் தெற்கே அடிவானத்தை ஒட்டி இன்னொரு கேலக்ஸியும் இருக்கிறது. பெயர் பெரிய மெகல்லன் மேகம்.

சிதம்பரத்தில் இருந்து தெரியுமா?

தெரியும். ஆனால் ஆருத்ரா அன்று முயற்சி செய்ய வேண்டாம். அது பௌர்ணமியை ஒட்டி வரும் நாள், நிலா வெளிச்சம் எல்லாவற்றையும் அழித்துவிடும். மார்கழிப் பனி வேறு. தை அமாவாசையை ஒட்டி, இரவு 8 முதல் 10 மணிக்குள் பார்ப்பது நல்லது.

முதலில் தெற்கே அகத்திய நட்சத்திரத்தைத் தேடுங்கள். கேனோபஸ் என்பதும் அதுதான், அந்தப் பக்கத்தில் பளிச்சென்று இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அகத்தியருக்குக் கீழே, சற்று வலப்பக்கமாக இரண்டு முஷ்டி தூரத்தில் மங்கலான மேகத் துண்டு போல ஒன்று இருந்தால், அதுதான். சிதம்பரத்தில் அது அடிவானத்தில் இருந்து 9 டிகிரிக்கு மேல் ஏறாது.

கடலூர் சில்வர் பீச்சில் இருந்து? கொஞ்சம் கஷ்டம். அங்கே தெற்குப் பக்கம்தான் துறைமுகமும் சிப்காட் விளக்குகளும். பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் இருட்டான இடம் கிடைத்தால் வாய்ப்பு அதிகம். ஒருகாலத்தில் எல்லா ஊரிலும் தெரிந்த வானம் இப்போது இடம் தேடிப் போனால்தான் தெரிகிறது.

தெற்கே பார்க்க முடியாதவர்கள் வடக்கே பார்க்கலாம். கார்த்திகை மாதம் இரவு 9 மணி வாக்கில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி வடக்கு வானில் 60 டிகிரி உயரத்தில் இருக்கும். வெறும் கண்ணுக்கு ஒரு புகைத் திட்டு மாதிரி. 25 லட்சம் ஒளி ஆண்டு தூரம். கருவி இல்லாமல் மனிதக் கண் எளிதாகப் பார்க்கக்கூடிய மிகத் தொலைவான பொருள் இதுதான். வடதுருவ நாட்டுக்காரர்களுக்கு மெகல்லன் மேகம் கிடையாது, தென்கோடிக்குப் போனால் ஆண்ட்ரோமெடா கிடையாது. நமக்கு இரண்டும் உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் வைணு பாப்பு ஆய்வகம் அமைந்ததற்கும், அங்கிருந்து தென் வானத்தின் பெரும்பகுதி தெரிவது ஒரு காரணம்.

எத்தனை வகை?

1926-ல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹப்பிள் போட்ட வகைப்பாடுதான் இன்றும் அடிப்படை. அவர் பார்த்தது உருவத்தை மட்டும். முட்டை மாதிரி வழவழப்பாக இருந்தால் நீள்வட்டம். அதில் பந்து போல உருண்டை என்றால் 0, நன்றாகத் தட்டையாகிவிட்டால் 7. நடுவில் இருந்து கைகள் சுழன்று விரிந்தால் சுருள். ஆண்ட்ரோமெடா இந்த வகை. நடுவில் நீளமாக ஒரு பட்டை இருந்து, அதன் முனைகளில் இருந்து கைகள் கிளம்பினால் பட்டைச் சுருள். நம்ம பால்வெளி இதில் சேரும். நீள்வட்டத்துக்கும் சுருளுக்கும் நடுவே, தட்டு உண்டு ஆனால் கைகள் இல்லை என்ற லென்ஸ் வடிவம். இதில் எதிலும் அடங்காதது ஒழுங்கற்ற வகை. மெகல்லன் மேகத்தை பொதுவாக இங்கேதான் வைக்கிறார்கள், ஆனாலும் அதற்குள் ஒரு பட்டை தெரிகிறது.

உருவத்தை கம்ப்யூட்டரை விட மனிதக் கண் நன்றாகப் பிடிக்கும் என்று, 2007-ல் 'கேலக்ஸி ஜூ' என்ற திட்டத்தில் சுமார் 9 லட்சம் கேலக்ஸிகளின் படங்களைப் பொதுமக்களிடமே கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார்கள். அதுவும் வேலை செய்தது.

டேப் இல்லாமல் எப்படி அளப்பது?

தூரத்தில் தெரியும் ஒரு பல்பு 40 வாட்டா 100 வாட்டா என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்து தூரத்தைச் சொல்லிவிடலாம். வானத்தில் அந்த வாட் கணக்கு தெரிந்த பல்பு வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் ஹென்ரியட்டா லீவிட். சிறிய மெகல்லன் மேகத்தில், மங்கி மங்கிப் பிரகாசிக்கும் 25 நட்சத்திரங்களை ஆராய்ந்து 1912-ல் முடிவை வெளியிட்டார். துடிப்புக்கு எடுக்கும் நாட்கள் கூடக் கூட, உண்மையான வெளிச்சமும் கூடுகிறது. நாட்களை எண்ணினால் வாட் தெரிந்துவிடும். 1923-ல் ஹப்பிள் இதே மாதிரி நட்சத்திரம் ஒன்றை ஆண்ட்ரோமெடாவில் பிடித்தார். அதன் பிறகுதான் அது பால்வெளிக்குள் இருக்கும் மேகமல்ல, தனி கேலக்ஸி என்பது உறுதியானது.

இன்னும் தூரத்துக்கு அந்த நட்சத்திரங்கள் போதாது. அங்கே கைகொடுப்பது சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் கணக்கு. 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது 19 வயதில் அவர் போட்டது அது. ஒரு வெள்ளைக் குள்ள நட்சத்திரம் சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் தாங்காது. அந்த எல்லையை நெருங்கி வெடிப்பவை ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் தரும் என்பதால், அந்த வெடிப்பே பல்பு ஆகிவிடுகிறது.

அதற்கும் அப்பால் நிறம்தான் அளவுகோல். விலகிப் போகும் கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளி ஆண்டுக்கும் வேகம் நொடிக்கு சுமார் 70 கிலோமீட்டர் கூடுகிறது. ஒரு முறையில் அளந்தால் 67, இன்னொரு முறையில் 73 என்று வருவது இன்னும் தீராத பஞ்சாயத்து.

எடைக்கு சுழலும் வேகம் உதவும். 1970-ல் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு இருவரும் ஆண்ட்ரோமெடாவை அளந்தபோது ஓரத்தில் இருப்பவையும் எதிர்பார்த்ததை விட வேகமாகச் சுற்றின. கண்ணுக்குத் தெரியாத எடை ஏதோ இருக்கிறது. இன்று கரும்பொருள் என்று சொல்வது அதைத்தான்.

இந்தியர்கள் கண்ட 'அலக்நந்தா'

புனேயில் உள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயின், யோகேஷ் வாடடேகர் இருவரும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கித் தரவுகளில் கண்டுபிடித்த சுருள் கேலக்ஸி இது. 2025 நவம்பரில் செய்தி வந்தது. அதன் ஒளி நமக்கு வந்து சேர சுமார் 1,200 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கிறது. அதாவது பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயது இருந்தபோது எடுத்த போட்டோ மாதிரி. அந்த வயதில் கேலக்ஸிகள் கலைந்து குழம்பிக் கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தார்கள். இதுவோ இரண்டு அழகான கைகளோடு, 30,000 ஒளி ஆண்டு அகலத்தில், ஆண்டுக்கு சுமார் 60 சூரியன் எடைக்கு புது நட்சத்திரங்களை உருவாக்கிக்கொண்டு இருக்கிறது.

இவ்வளவு சீக்கிரம் அந்தக் கைகள் எப்படி வந்தன? தானாக உருவானதா, பக்கத்து கேலக்ஸி ஒன்று இழுத்ததா? அதன் தட்டு எவ்வளவு சீராகச் சுழல்கிறது என்று அளப்பதுதான் அடுத்த வேலை.